மூன்றாவது கோடு

இதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. குமுதவல்லி இதை என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறாள். இருவரும் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். விளக்கை அணைத்த பிறகு எதிரெதிர்க் கட்டில்களில் படுத்துக்கொண்டு பேசுவோம். சொல்லும்போது இடையில் நெடுநேரம் பேசாமல் கிடப்பாள். தூங்கிவிட்டாள் என்று நான் நினைக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். அந்த மௌனங்களில் நானாக எதையாவது இட்டு நிரப்பியிருக்கலாம். மழை அப்படிப் பெய்ததா, அரிசி டின் உண்மையிலேயே முனகியதா, அவள் சொன்னது எது, நான் சேர்த்தது எது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. ஆனால் அந்த மடிக்கணினியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. இதை எழுதும்போது அது எதிர் மேசையில் மூடிக் கிடக்கிறது.

முதலில் அவள் கவனித்தது அந்த வெறுமையைத்தான்.

திரையின் மூலையில் இருக்கும் வைஃபை குறியைத் தட்டினால் எப்போதும் ஐந்தாறு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழும். பகாவ் நகருக்கு வெளியே, செம்பனைக்கு நடுவில் தனியாகக் கிடக்கும் அந்த எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் கடைக்குப் போயிருக்கிறார்கள் என்பதைக்கூட அந்தப் பெயர்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். பக்கத்து லயத்து வங்காளதேசப் பையன்களின் போன்கள், எஸ்டேட் கணக்குப் பார்க்கும் கிராணி வீட்டு மோடம், கோயில் பூசாரி மகனுடைய போன் எல்லாம் அதில் இருக்கும். அன்று மாலை ஒன்றுகூட இல்லை. பெயர்கள் வர வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி. நெட்வொர்க் எதுவும் கிடைக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து போய்விட்டது போல இருந்தது அது.

ஆறு மணி ஆகியிருந்தது. ஆறரைக்கு அவளுக்கு நேர்காணல்.

அன்று அவள் தம்பி புவனேஸ்வரனுக்கு எட்டாம் நாள் படையல். எங்கள் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. நாங்கள் பூசை ஒப்புக்கொடுப்போம், கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோவோம். அதனால் குமுதா இதை எனக்கு விளக்க வேண்டியிருந்தது. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, கூடத்தில் வாழை இலை போட்டுப் படைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டிவிட்டு, எல்லாரும் வீட்டைவிட்டு வெளியேறிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் வந்து தனியாகச் சாப்பிடட்டும் என்று. பிறகு பெரியவர் ஒருவர் மூன்று தடவை கதவைத் தட்டி, குரல் கொடுத்து, அப்புறம்தான் திறப்பார். உள்ளே இருப்பவர் எழுந்து போக அது ஒரு சைகை.

"அவனா வரணும், அவனா சாப்பிட்டுப் போவணும்," என்று காலையில் தேங்காய் துருவிக்கொண்டே அம்மா மயிலம்மாள் சொல்லியிருந்தாள். "நாம கதவ தொறந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுட்டா அப்புறம் போன்னு எப்படிச் சொல்றது?"

ராசா ஊரிலிருந்து வந்திருந்த திருநாவுக்கரசு மாமா சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தார். "அவன எதுக்குக்கா கூப்பிடணும்? உன் மட்டன் பெரட்டல் வாசம் பகாவ் வரைக்கும் போவுது லா. அவனே மோட்டர எடுத்துக்கிட்டு வந்துருவான்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மோட்டர் என்ற சொல் அடுப்படியில் அப்படியே நின்றது. அம்மா தேங்காயைத் துருவுவதை நிறுத்தினாள். மாமா வெளியே போய் சிகரெட் பற்றவைத்துக்கொண்டார்.

புவனேஸ் செனாவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தான். தினமும் மலைப்பாதையில் மோட்டர் சைக்கிளில் போய் வருவான். அந்த லயத்தில் அவனுடைய போன் லைன் மட்டும்தான் ஒழுங்காக எட்டும் என்பதால் வீட்டுக்கு இணையம் என்றால் அவன் போன்தான். ஹாட்ஸ்பாட்டை அணைக்கவே மாட்டான். அதற்கு மலாயில் 'ஜங்கான் காச்சாவ்' என்று பெயர் வைத்திருந்தான், தொந்தரவு பண்ணாதே என்று. "உனக்காகத்தான்கா அந்தப் பேரு," என்று அக்காவைச் சீண்டுவான். பின்னேர ஷிப்ட் முடிந்து வரும்போது அப்பாவின் தூக்கம் கெடக் கூடாதென்று முனியாண்டி கோயில் திருப்பத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டரைத் தள்ளிக்கொண்டு வருவான். சத்தம் கேட்காது. ஆனால் அடுப்படியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் குமுதாவுக்குத் தெரிந்துவிடும். வெறும் புள்ளியாக அந்தப் பெயர் தோன்றும். பிறகு புள்ளிக்கு மேலே ஒரு வளைகோடு. இரண்டாவது. மூன்றாவது கோடு நிறைவதற்குள் அவள் எழுந்துபோய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கியிருப்பாள். அவன் ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை.

"எப்படிக்கா கரெக்டா தொறக்கற?"

"உன் நாத்தம் முன்னாடியே வந்துருது லா. போய் குளி."

உண்மையை அவள் சொல்லவே இல்லை.

அப்பா சந்திரன் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. வேலை செய்யாதவர்களுக்கு லயத்தில் வீடு இல்லை. வருஷக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். புவனேஸின் சம்பளத்தை நம்பித்தான் செனாவாங்கில் வாடகை வீடு பார்த்திருந்தார்கள். குமுதா நர்ஸ். அவள் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நேர்காணல் கணினி வழியாக. "நீ பயப்படாத லா. அன்னிக்கு நான் லீவு சொல்லிட்டு முன்னாடியே வந்துர்றேன். என் லைன புடிச்சுக்கோ," என்றிருந்தான் புவனேஸ். அப்படித்தான் அவன் கிளம்பினான். மலைப்பாதையில் ஒரு வளைவில், எதிரே மரம் ஏற்றிய லாரி.

நேர்காணலுக்கு வேறொரு நாள் கொடுத்தார்கள். இன்னொரு முறை மாற்ற முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். அந்த நாள் எட்டாம் நாள் படையலோடு வந்து மோதியது. அம்மாவிடம் எதையும் மாற்றச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பகாவில் புவனேஸ் வைத்திருந்த அதே கம்பெனியின் சிம் போட்ட சின்ன மோடம் ஒன்றை வாங்கி, லைன் நன்றாகக் கிடைக்கும் கூடத்து ஜன்னலில் வைத்தாள். காலையில் சோதித்தபோது நன்றாக வேலை செய்தது. படையல் நேரத்தில் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்பதால், பின்னால் இருக்கும் விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து பேசுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

ஆனால் மழை வந்தது. சாய்ந்து, கொட்டகைக்குள் நேராக அடித்தது. அவள் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி, பின்கதவு வழியாக அடுப்படிக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த கதவை அம்மா ஏற்கெனவே சாத்தியிருந்தாள். முன்பக்கம் கூடாரத்தின் கீழ் எல்லாரும் காத்திருந்தார்கள். இவள் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

மசாலா வாசம் இன்னும் சுவர்களில் இருந்தது. கூரைத் தகரத்தில் மழை இடைவிடாமல் இரைந்தது. ஒற்றைக் குழல்விளக்கு அவ்வப்போது கண்சிமிட்டியது. அவள் மேசையில் மடிக்கணினியை வைத்து, அரிசி டின்னுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அந்தப் பெரிய சதுர டின்தான் புவனேஸின் இருக்கை. வேலையிலிருந்து வந்ததும் அதில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவான். நாற்காலி இருந்தாலும் அதில்தான்.

விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தாள். ஒன்றுமில்லை. மடிக்கணினியை அணைத்து மறுபடி உயிர்ப்பித்தாள். அது விழித்து எழும்வரை, திரை கறுப்பாக இருந்த நேரத்தில், அதில் தன் முகமும் பின்னால் டின்னின் விளிம்பும் தெரிந்ததை விருப்பமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது. தட்டினாள். எதுவும் கிடைக்கவில்லை. புவனேஸ் ஒருமுறை காட்டிக்கொடுத்திருந்தபடி உள்ளே உள்ளே போய், வைஃபை கருவியின் பெயரைத் தேடிப் பிடித்து, அதை நிறுத்தி, மறுபடி இயக்கினாள். கோளாறைத் தானே கண்டுபிடிப்பதாகச் சொல்லும் பொத்தானை அமுக்கினாள். ஒரு நீலப் பட்டை மெதுவாக ஊர்ந்து போய், கோளாறு எதுவும் இல்லை என்றது.

கோளாறு இல்லை. ஆனால் உலகத்தில் யாரும் இல்லை.

போனை எடுத்துப் பார்த்தாள். போனில் மோடத்தின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. வங்காளதேசப் பையன்கள் இருந்தார்கள். கிராணி இருந்தார். எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். மடிக்கணினிக்கு மட்டும்தான் யாரையும் தெரியவில்லை. போனில் நேர்காணல் எடுக்க மாட்டார்கள், கணினி வேண்டும். போனைக் கேபிளால் மடிக்கணினியில் குத்திப் பார்த்தாள். அந்தக் கேபிளில் சார்ஜ் மட்டும்தான் ஏறியது. நல்ல கேபிள் கூடத்தில் இருந்தது, மோடத்தில் குத்தியபடி.

எழுந்துபோய் நடுக்கதவின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பலகை குளிர்ந்திருந்தது. கீழ் இடுக்கு வழியாகச் சாம்பிராணிப் புகை மெல்லிய தாளாக வெளியே வந்து தரையோடு படர்ந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இலை, மட்டன் பெரட்டல், நண்டு, ஒரு பாக்கெட் சிகரெட், அவன் தொழிற்சாலைச் சட்டை. சிகரெட்டுக்குப் பக்கத்தில், போலீஸ் பிளாஸ்டிக் உறையிலிருந்து அம்மா எடுத்து வைத்த அவனுடைய போன். கண்ணாடி பொடிந்து, உடம்பு வளைந்து, உள்ளிருந்த பேட்டரி ரொட்டிபோல் உப்பி வெடித்துக் கிடந்த போன். அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள் அம்மா.

கைப்பிடியைத் தொட்டாள். அவன் சாப்பிடுகிற நேரம். கையை எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஆறு இருபது. பழக்கத்தில் மறுபடியும் அந்தக் குறியைத் தட்டினாள்.

ஒரு பெயர் இருந்தது.

ஜங்கான் காச்சாவ்.

வெறும் புள்ளி. அதற்கு மேல் மூன்று கோடுகளும் மங்கலாக, காலியாக.

பழைய நினைவு, என்று சொல்லிக்கொண்டாள். மடிக்கணினி எப்போதோ பார்த்ததை மறக்காமல் காட்டுகிறது. போனை எடுத்துப் பார்த்தாள். போனில் அது இல்லை. மடிக்கணினியில் மட்டும்தான். ஆக, பழைய நினைவுதான். சுட்டியை அந்தப் பெயரின்மேல் கொண்டுபோனாள். விரல் அமுக்கவில்லை.

முதல் கோடு நிறைந்தது.

மழைக்கு நடுவிலும் அவள் காது தானாகக் கூர்மையாகிவிட்டது. அந்தப் புள்ளி தோன்றும் இடம் கோயில் திருப்பம் தாண்டி, கடைசி வீட்டு முருங்கைக்குப் பக்கத்தில். முதல் கோடு, தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது, விறகுக் கொட்டகை. ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகியிருந்த பாதை அது. இப்போது தண்ணீர்த் தொட்டி.

படைத்த போன் கூடத்தில் இருக்கிறது. அது உள்ளே இருக்கிறது. இது வெளியே இருந்து வருகிறது.

மழை கொஞ்சம் தணிந்தது. அப்போது கேட்டது. ஈரச் சரளைக்கல் டயருக்கடியில் மெதுவாக நெரியும் ஓசை. தள்ளிக்கொண்டு வரும் மோட்டரின் சங்கிலி, டிக், டிக், டிக் என்று. அந்த மோட்டர் போலீஸ் நிலையத்தில், முன்சக்கரம் இல்லாமல் சாய்ந்து கிடப்பதை அவளே போய்ப் பார்த்திருக்கிறாள்.

இரண்டாவது கோடு.

ஓசை நின்றது.

மடிக்கணினி தானாக இணைந்தது. எத்தனையோ முறை இணைந்த பழக்கம் அதற்கு. திரையின் அடியில் எழுத்து வந்தது: இணைந்துள்ளது, இணையம் இல்லை. நேர்காணலின் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளையாக நின்றது. ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. ஆறு இருபத்தாறு.

மூன்றாவது கோடு நிறையவில்லை.

அவள் காத்திருந்தாள். அது அசையவில்லை. பின்கதவுக்கு அந்தப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், எதுவோ வந்து நின்றுவிட்டது. தட்டவில்லை. அது தட்டாது. அது ஒருநாளும் தட்டியதில்லை. அதற்கு இந்தக் கதவு எப்போதும் முன்கூட்டியே திறந்திருக்கும்.

கூடத்துக் கதவு வழியாக, அவனாகவே படையலுக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? அம்மா அப்படித்தான் சொன்னாள். அவனா வரணும். ஆனால் அவன் படையலுக்கு வரவில்லை. நேர்காணலுக்கு வந்திருக்கிறான். முன்னாடியே வந்துர்றேன் என்றவன்.

"புவனேஸ்," என்றாள். குரல் வெளியே வரவில்லை.

கதவடியில் தண்ணீர் ஊறி உள்ளே வந்தது. செம்மண் கலந்த தண்ணீர். அதோடு ஒரு வாசம். நனைந்த மழைக்கோட்டு, கையுறைக்குப் போடும் மாவு, தொழிற்சாலைக் குளோரின். அதற்கு அடியில் வேறொன்று, அது பிணவறையில் அவள் முகர்ந்தது.

கூப்பிட்டுட்டா அப்புறம் போன்னு எப்படிச் சொல்றது?

ஆறு இருபத்தெட்டு. வட்டம் சுழன்றது. கூடாரத்தின் கீழே அப்பா இருமுவது கேட்டது. அந்த இருமலோடு அவர் எங்கே போவார்? காலி செய்த பிறகு, இந்தச் சட்டிப்பானையோடு, அம்மாவோடு, எங்கே? இந்த நேர்காணல் போனால் வேறு எதுவும் இல்லை. ஒரே ஒரு கோடு. ஒரே ஒரு கோடு போதும்.

அவள் எழுந்தாள். நடந்தாள். தாழ்ப்பாள் ஈரமாக இருந்தது. நீக்கினாள்.

இந்த இடத்தில்தான் குமுதா எப்போதும் நெடுநேரம் பேசாமல் இருப்பாள்.

வெளியே யாரும் இல்லை. மழை. கொட்டகை. இருட்டிக்கொண்டு வரும் செம்பனை வரிசைகள். வாசல் கல்லருகே, சேற்றில் ஒற்றை டயர்த் தடம் வந்து முடிந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

கதவை அப்படியே விட்டு, திரும்பி, தரையை மட்டும் பார்த்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். உட்கார்ந்தாள்.

மூன்று கோடுகளும் நிறைந்திருந்தன.

பக்கம் திறந்தது. இரண்டு முகங்கள் வந்தன. ஒரு சீனப் பெண்மணி, கண்ணாடி போட்ட ஓர் ஆண். மூலையில் சின்னக் கட்டத்தில் அவளுடைய சொந்தப் படம். அவள் அதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியின் அட்டையைக் கிழித்து, எச்சில் தொட்டு, அந்தக் கட்டத்தின்மேல் ஒட்டினாள்.

"குட் ஈவினிங், மிஸ் குமுதவல்லி," என்றார் பெண்மணி ஆங்கிலத்தில். "லைன் ரொம்பத் தெளிவா இருக்கு. ஒரு சின்ன விஷயம். நேர்காணலின்போது நீங்க தனியா இருக்கணும். அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்ல முடியுமா?"

"இங்கே யாரும் இல்லை, மேடம்."

பெண்மணி அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தார். முகம் இளகியது. "பரவாயில்லை. உங்க தம்பியா? அதே ஜாடை. பாவம், ரொம்ப நனைஞ்சிருக்கார். துடைச்சுக்கட்டும். நாங்க காத்திருக்கோம்."

குமுதா திரையைப் பார்த்தாள். திரையை மட்டும். கழுத்துக்குப் பின்னால் குளிர். முதுகில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

அரிசி டின் முனகியது. பாரம் உட்காரும்போது முனகும் அதே முனகல்.

"சரி, உட்கார்ந்துட்டார்," என்றார் ஆண். "தொடங்கலாம்."

அவள் பதில் சொன்னாள். படுக்கைப்புண்ணைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னாள். மறதி நோய் உள்ளவர் சாப்பிட மறுத்தால் என்ன செய்வாய் என்றார்கள். சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது. பின்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. யாரோ நெடுந்தூரம் வந்து களைத்து, வாயால் மூச்சு விடுவது போல.

டக்.

கூடத்து முன்கதவு.

டக்.

டக்.

"புவனேஸ், சாப்பிட்டியாப்பா? நாங்க உள்ள வரோம்," என்றது மாமாவின் குரல்.

போகும் நேரம். போகட்டும். அவள் கண்ணை இறுக மூடினாள். டின் அசையட்டும். எழுந்திருக்கட்டும்.

டின் அசையவில்லை.

கதவு திறந்தது. காலடிகள். பிறகு அம்மாவின் அழுகை. "வரலையே தம்பி. தண்ணிகூட கொறையலையே. எதையும் தொடலையே. எம்புள்ள வரலையே."

"அழாதக்கா. மழைல, அதான் லேட்டா..." என்றார் மாமா.

நடுக்கதவு திறந்தது. அம்மா அழுதபடியே உள்ளே வந்தாள். குமுதாவைப் பார்த்தாள். குமுதாவுக்குப் பின்னால் பார்த்தாள்.

அழுகை நின்றது.

அலறவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அலமாரியிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்தாள். சட்டியிலிருந்து சோறு அள்ளிப் போட்டாள். அவளுக்குப் பின்னாலேயே வந்த அப்பா வாசற்படியில் நின்றார். அவரும் பார்த்தார். திரும்பி, கூடத்தைத் தாண்டி, கூடாரத்தையும் தாண்டிப் போய், மழையில் வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"ஏன்டா இப்படி நனைஞ்சுக்கிட்டு வர?" என்றாள் அம்மா, எட்டு நாளாக இல்லாத தன் பழைய, கோபமான, சாதாரணக் குரலில். "மழைக்கோட்டு எங்க? மூஞ்சியெல்லாம் என்னடா இப்படி ஆயிருக்கு? இந்தா. சாப்பிடு."

தட்டு குமுதாவின் தோளைத் தாண்டிப் போனது. அம்மாவின் கை வெறுமையாகத் திரும்பி வந்தது. தட்டு கீழே விழும் சத்தம் கேட்கவில்லை.

திரையில் பெண்மணி சிரித்துக்கொண்டிருந்தார். "நல்ல குடும்பம். வாழ்த்துகள், குமுதவல்லி. எப்போது வர முடியும்?"

குமுதாவுக்கு வேலை கிடைத்தது. சிங்கப்பூர் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. நாங்கள் இருவரும் ஒரே வார்டில் வேலை செய்கிறோம். திருநாவுக்கரசு மாமா இதைப் பற்றிப் பேச மறுக்கிறார். சந்திரன் ராசாவில் அவர் வீட்டில் இருக்கிறார். அந்த எஸ்டேட் பக்கம் போவதில்லை. செனாவாங்கில் பார்த்த வாடகை வீட்டுக்கு யாரும் போகவில்லை. மயிலம்மாள் லயத்தைவிட்டு வர மறுத்துவிட்டார். அந்த வரிசையில் மற்றவர்கள் காலி செய்துவிட்டார்கள். எஸ்டேட்டும் அவரை விட்டுவிட்டது. தினமும் பின்கதவைத் திறந்து வைத்து, அரிசி டின்னுக்கு முன்னால் தட்டு வைக்கிறார். சோறு அப்படியே இருப்பதாகவும், முன்பு அப்படி இல்லை என்றும், பிள்ளைக்கு என்னவோ கோபம் என்றும் போனில் மகளிடம் அழுகிறார். அந்த டின்னில் இப்போது யாரும் இல்லை என்று குமுதாவால் சொல்ல முடியவில்லை.

மடிக்கணினி நன்றாக வேலை செய்கிறது. இந்தக் கட்டடத்தில் அது எத்தனையோ பெயர்களைக் காட்டுகிறது. இப்போது என் போனிலும் 'ஜங்கான் காச்சாவ்' என்ற அந்தப் பெயர் தெரிகிறது. குமுதா வேலையில் இருக்கும்போது அது இல்லை. அவள் திரும்பி வரும் நேரத்தில், நடைபாதையில் காலடி கேட்பதற்கு முன்னால், முதலில் புள்ளியாக வரும். பிறகு ஒரு கோடு. பிறகு இன்னொன்று.

மூன்றாவது கோடு எங்கள் வாசலில் நிற்கும். நான் எழுந்து போய்க் கதவைத் திறப்பதில்லை. அவளிடம் சாவி இருக்கிறது.